காட்டுச் சாலையில் பைக்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை காட்டு வழிப் பயணம் பற்றித்தான் நிறையக் கடிதங்கள். எனக்கு மிகவும் பிடித்த விஷயம், அதனால் சில பதில்கள் நீண்டுவிட்டன.

கேள்வி: ஆறு வருடமாக நெடுஞ்சாலையில் பைக் ஓட்டுகிறேன். போன மாதம்தான் முதல்முறையாகக் காட்டுக்குள் போகும் குறுகலான சாலையில் ஓட்டினேன். ஒவ்வொரு வளைவிலும் வண்டி எதிர்ப்பக்கத்துக்கு இழுத்துக்கொண்டு போனது. ஐம்பதில்தான் போனேன். எங்கே தப்பு?

பதில்: அந்த ஐம்பதில்தான். நெடுஞ்சாலையில் ஐம்பது என்பது ஒன்றுமில்லை, ஆனால் காட்டு வளைவில் அது வேறு எண். சுமார் 30 மீட்டர் ஆரம் உள்ள ஒரு வளைவை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 40 கிலோமீட்டர் வேகத்தில் போனால் வண்டி ஏறக்குறைய 23 டிகிரி சாய வேண்டும், 50 என்றால் 33, 60 என்றால் 43. வேகத்தில் பத்துதான் கூடுகிறது, சாய்வோ ஒவ்வொரு தடவையும் பத்து டிகிரி எகிறுகிறது. 33 டிகிரி சாய்த்துப் பழக்கமில்லாத உடம்பு அதற்கு முன்பே பயந்து விறைத்துவிடும், சாயாத வண்டி வெளியேதான் போகும். இது உங்களுக்கு மட்டும் நடப்பதில்லை. அமெரிக்காவில் ஹாரி ஹர்ட் என்ற ஆய்வாளரின் குழு லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் 900 பைக் விபத்துகளை நேரில் போய் ஆராய்ந்து 1981-இல் அறிக்கை வெளியிட்டது. வேறு வண்டியின் சம்பந்தமே இல்லாமல் நடந்த விபத்துகளில் சுமார் மூன்றில் இரண்டு, ஓட்டுபவரின் பிழையால்தான். அந்தப் பிழையும் பெரும்பாலும் ஒன்று பிரேக்கை அழுத்திப் பிடித்துச் சறுக்கியது, அல்லது வளைவில் வெளியே ஓடியது.

சரி, என்ன செய்யலாம்? பிரேக், கியர் குறைப்பது எல்லாவற்றையும் வளைவுக்கு முன்னால் வண்டி நேராக இருக்கும்போதே முடித்துவிடுங்கள். உள்ளே நுழைந்தபின் ஆக்சிலேட்டரை லேசாகப் பிடித்தபடி ஒரே சீராகப் போக வேண்டும். வலப்பக்கம் திரும்ப வலது கைப்பிடியை முன்னால் தள்ளுங்கள், இடப்பக்கம் திரும்ப இடது கைப்பிடியை. படிக்கும்போது தலைகீழாகத் தெரியும், காலியான இடத்தில் ஒரு முறை செய்து பார்த்தால் கை புரிந்துகொள்ளும். கண்ணை முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் வைக்காமல், சாலையின் இரண்டு ஓரங்களும் தூரத்தில் ஒன்றாகச் சேர்வதுபோலத் தெரிகிறதே, அந்தப் புள்ளியில் வையுங்கள். அந்தப் புள்ளி உங்களைவிட்டு விலகி ஓடினால் வளைவு திறக்கிறது. உங்களை நோக்கி வந்தால் வளைவு இன்னும் இறுகப்போகிறது, உடனே வேகத்தைக் குறைக்க வேண்டும். எனக்கு இதைச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை, பல வருடம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். தெரிந்த அன்றைக்கே என் ஓட்டம் மாறிவிட்டது.

கேள்வி: வளைவுக்குள் நுழைந்தபின்தான் வேகம் அதிகம் என்று தெரிகிறது. அப்போது பிரேக் பிடிக்கலாமா?

பதில்: முன் பிரேக்கைச் சட்டென்று பிடிக்காதீர்கள். டயர் ஏற்கெனவே திரும்புவதற்காகப் பிடிமானத்தைச் செலவழித்துக்கொண்டிருக்கிறது, பிரேக்குக்குத் தர மீதி கொஞ்சம்தான் இருக்கும். பார்வையை வளைவின் முடிவுக்குக் கொண்டுபோய், உள்பக்கக் கைப்பிடியை இன்னும் கொஞ்சம் தள்ளுங்கள். நீங்கள் நம்புவதைவிட டயர் அதிகம் தாங்கும், பெரும்பாலானவர்கள் விழுவது டயர் கைவிட்டதால் அல்ல, பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால். கண் போகும் இடத்துக்குத்தான் வண்டி போகும். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் சுழலாமல் நின்றுவிடாமல் பார்த்துக்கொள்ளும் ஏபிஎஸ், சாய்ந்த நிலையிலும் வேலை செய்யும் வகையில் 2013-க்குப் பிறகு சில பைக்குகளில் வந்திருக்கிறது, ஆனால் சாதாரண ஏபிஎஸ்ஸை நம்பி வளைவில் பிரேக்கை அழுத்த வேண்டாம்.

கேள்வி: இறக்கத்தில் எஞ்சினை அணைத்துவிட்டு நியூட்ரலில் போனால் பெட்ரோல் மிச்சமாகும் என்று நண்பர் சொல்கிறார்.

பதில்: செய்யவே செய்யாதீர்கள். இறக்கத்தில் எஞ்சின்தான் உங்கள் மூன்றாவது பிரேக். அது இல்லாவிட்டால் மொத்தச் சூடும் பிரேக் டிஸ்க்குக்குப் போகும், அங்கிருந்து பிரேக் ஆயிலுக்கு. டாட் 4 என்ற தர பிரேக் ஆயில் புதிதாக இருந்தால் கொதிக்க 230 டிகிரியாவது வேண்டும். காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சிப் பழசாகிவிட்டால் 155 டிகிரியிலேயே கொதிக்கத் தொடங்கலாம். ஆயிலில் குமிழி வந்தால் லீவர் பஞ்சு மாதிரி உள்ளே போய்விடும், வண்டி நிற்காது. எந்த கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை ஆயிலை மாற்றிவிடுங்கள்.

கேள்வி: வெயில் நாளில் காட்டுச் சாலையில் வழுக்கி விழுந்தேன். மழையே இல்லை. எப்படி?

பதில்: அடர்ந்த மரநிழலில் சாலை காய்வதற்கு நாள் கணக்காகும். எனக்கும் இது நடந்திருக்கிறது. பளீரென்ற வெயிலில் இருந்து ஒரு வளைவில் திடீரென்று நிழலுக்குள் நுழைந்தேன், போட்டிருந்ததோ கறுப்புக் கண்ணாடி. இரண்டு மூன்று விநாடிக்குத் தார் எது, இலை எது என்றே தெரியவில்லை. 50 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடிக்கு 14 மீட்டர் போகிறோம், அந்த இரண்டு மூன்று விநாடியில் நான் வளைவின் நடுவுக்கே வந்துவிட்டேன். பின்சக்கரம் பக்கவாட்டில் ஒரு சாண் நகர்ந்தது, அப்புறம் பிடித்துக்கொண்டது. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு நடந்துபோய்ப் பார்த்தேன். மேலே இருந்த இலைகள் மொறுமொறுவென்று காய்ந்திருந்தன, காலால் தள்ளினால் அடியில் கறுப்பாக அழுகிய இலை, அதற்கும் அடியில் பச்சைப் பாசி, ஷூ அதன்மேல் நிற்கவே இல்லை. அன்றிலிருந்து காட்டுக்குள் ஹெல்மெட்டின் முகக்கண்ணாடி, அதாவது வைசர், நிறமில்லாததுதான். நிழல் தெரிந்தால் நுழைவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுவேன். உங்களுக்கு அடி பலமில்லை என்று எழுதியிருந்தீர்கள், நிம்மதியாக இருந்தது.

கேள்வி: தனியாகப் போகலாமா? சிக்னலே கிடைக்காதே.

பதில்: போகலாம். எந்த வழியாகப் போகிறேன், எத்தனை மணிக்குள் கூப்பிடுவேன் என்று ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள், சொன்ன வழியை மாற்றாதீர்கள். வரைபடத்தை முன்பே போனில் இறக்கி வைத்துக்கொண்டால், சிக்னல் இல்லாவிட்டாலும் இருக்கும் இடம் தெரியும், ஜிபிஎஸ் வருவது செயற்கைக்கோளில் இருந்து. பஞ்சர் கிட், காற்றடிக்கும் பம்ப், ஒரு கிளட்ச் கேபிள், தண்ணீர், டார்ச். பெட்ரோல் பாதியானதும் திரும்பும் கணக்கைப் போட்டுவிடுங்கள், ஏற்றத்தில் வழக்கத்தைவிட அதிகம் குடிக்கும்.

கேள்வி: மிருகம் குறுக்கே வந்தால்?

பதில்: மான் ஒன்று கடந்துபோனால் ஆக்சிலேட்டரைத் திருகாதீர்கள், பின்னாலேயே இன்னொன்று வரும் என்று வைத்துக்கொண்டு காத்திருங்கள். பெரிய மிருகம் சாலையில் நின்றால் தூரத்திலேயே நிறுத்துங்கள். ஹார்ன் வேண்டாம், ஹெட்லைட்டை அடித்துக் காட்ட வேண்டாம், கிட்டே போய்ப் படம் எடுப்பது வேண்டவே வேண்டாம். அது போகும்வரை நாம் காத்திருக்க வேண்டும், எவ்வளவு நேரமானாலும். விடியலிலும் பொழுது சாயும்போதும்தான் அவற்றின் நடமாட்டம் அதிகம், அதனால் இருட்டுவதற்குள் காட்டைவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

கேள்வி: எங்கள் குழுவில் நான்தான் மெதுவாக ஓட்டுபவன், கிண்டல் செய்கிறார்கள். நீங்களும் வேகத்தைக் குறை என்றே சொல்கிறீர்கள். அப்படி ஓட்டுவதில் என்ன சுகம்?

பதில்: எனக்கு ஒரே ஒரு கணக்குதான். கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்குள் வண்டியை நிறுத்த முடிய வேண்டும். காய்ந்த தாரில் 50-இல் போனால் நிற்க ஏறக்குறைய 30 மீட்டர் வேண்டும், 40 என்றால் 21. புதர் மறைக்கும் வளைவில் 20 மீட்டர் தெரிந்தாலே பெரிது. இது பயம் இல்லை, இப்படி ஓட்டும்போதுதான் தோள் தளர்ந்து, ஒரு வளைவு முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் வண்டி ஒரு பக்கத்தில் இருந்து மறுபக்கம் தானாகச் சாய்கிற அந்தத் தாளம் கிடைக்கிறது. உங்களை முன்னால் இரண்டாவதாக விடச் சொல்லுங்கள், மெதுவாக ஓட்டுபவர் கடைசியில் போனால் துரத்திப் பிடிக்கத்தான் பார்ப்பார், தவறுவதும் அங்கேதான். பாதை பிரியும் ஒவ்வொரு இடத்திலும் பின்னால் வருபவர் தெரியும்வரை முன்னால் போகிறவர் நிற்கட்டும்.

இன்னொன்றும் செய்து பாருங்கள். வண்டி நிறுத்த அகலமான இடம் ஒன்று கண்ணில் பட்டதும் எல்லோரும் எஞ்சினை அணைத்துவிட்டு ஹெல்மெட்டைக் கழற்றுங்கள், பத்து நிமிடம் யாரும் பேச வேண்டாம். முதலில் சூடான எஞ்சின் ஆறும்போது வரும் டிக், டிக் சத்தம்தான் கேட்கும். அது நின்றதும் எங்கோ தண்ணீர் ஓடுவது கேட்கும். அப்புறம், நாம் வந்த சத்தத்துக்கு வாயை மூடிக்கொண்ட பறவைகள் ஒவ்வொன்றாகத் திரும்பவும் கூப்பிடத் தொடங்கும்.