ஐந்து இதழ்களோடு நின்றுபோன லோக்கி

பாதியில் நிறுத்தப்பட்ட காமிக்ஸ் தொடர்களில் எதை நினைத்து இன்னும் வருந்துகிறீர்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். அமெரிக்காவின் மார்வெல் காமிக்ஸ் நிறுவனம் 2019 ஜூலையில் தொடங்கி, அதே ஆண்டு நவம்பரில் ஐந்தாம் இதழோடு முடித்துக்கொண்ட ‘லோக்கி’ என்பதே என் பதில். டேனியல் கிப்பிள்ஸ்மித் எழுத, ஆஸ்கர் பசால்துவா வரைந்த தொடர் அது. நார்ஸ் எனப்படும் பழைய ஸ்காண்டிநேவியக் கதைகளில் வரும் கலகக்காரக் கடவுள் லோக்கிதான் அதன் நாயகன்.

துபாயில் வேலை பார்க்கும் மச்சான், விடுமுறைக்குக் கீழக்கரை வந்தபோது ஐந்தையும் மொத்தமாகக் கொண்டுவந்தார். ஆறாவது எங்கே என்று கேட்டதற்கு, “அஞ்சுதான் மாப்ள, அதோட நிறுத்திட்டாங்க” என்றார். எங்கள் ஊர் உப்புக்காற்றில் நடுப்பக்கத்துப் பின்கள் துருப்பிடித்து, இப்போது தாளில் பழுப்புக் கறை இறங்கியிருக்கிறது.

இதற்கு முந்தைய ‘வார் ஆஃப் த ரெல்ம்ஸ்’ என்ற மார்வெல் காமிக்ஸ் கதையில், பனி அரக்கர்களின் வேந்தன் லாவ்ஃபே, பெற்ற மகனென்றும் பாராமல் லோக்கியை விழுங்கிவிடுகிறான். லோக்கியோ உள்ளிருந்தே அவனைக் கிழித்துக்கொண்டு வெளிவருகிறான். (நார்ஸ் பழங்கதைகளில் லாவ்ஃபே என்பது லோக்கியின் தாயின் பெயர், அதைத் தந்தைக்குச் சூட்டியது மார்வெல்.) தந்தை மாண்டதால் அரக்கர்களின் நாடான ஜோட்டன்ஹைமின் அரியணை மகன் தலையில் விழுகிறது. நம் நாரதர் கலகத்தை மூட்டிவிட்டுத் தம்பூராவுடன் அடுத்த உலகத்துக்குக் கிளம்பிவிடலாம். எந்த நாட்டையும் அவர் ஆளவேண்டியதில்லை, குறை சொல்லிக் குடிகள் அவர் வாசலில் வந்து நிற்பதுமில்லை. லோக்கிக்கு அந்தச் சலுகை பறிபோகிறது. கலகம் செய்வதையே இயல்பாகக் கொண்டவன், கலகத்தை அடக்கவேண்டிய இடத்தில் உட்கார்ந்தால் என்ன ஆவான் என்ற கேள்வி சூடுபிடிக்கும் நேரத்தில் கதை முடிந்துவிடுகிறது. குறையே இல்லாத தொடர் என்று சொல்லமாட்டேன். சில பக்கங்களில் வேடிக்கைப் பேச்சு கதையை நகரவிடுவதில்லை.

இத்தகைய தொடர்கள் இவ்வளவு விரைவில் நிற்பதற்கு அமெரிக்கக் காமிக்ஸ் கடைகளின் கொள்முதல் முறை பெரிய காரணம் என்பது என் எண்ணம். பாம்பனில் படகு கரைக்கு வந்து மீனைக் கொட்டிய பிறகுதான் ஏலம் கூறுவார்கள். அமெரிக்காவிலோ கடைக்காரர்கள் இதழ் அச்சாகி வருவதற்குச் சுமார் இரண்டு மாதங்களுக்கு முன்பே எண்ணிக்கையைச் சொல்லவேண்டும். விற்காததைப் பெரும்பாலும் திருப்பித் தரவும் முடியாது. அதனால் இரண்டாம், மூன்றாம் இதழ்களுக்குக் கையைச் சுருக்கிக்கொள்கிறார்கள். வாசகர் முதல் இதழைப் புரட்டிப் பார்ப்பதற்குள் தொடரின் ஆயுள் ஏறக்குறைய முடிவாகியிருக்கும். லோக்கியின் பெயரில் தொலைக்காட்சித் தொடர் வந்து உலகமே பேசியது 2021 ஜூனில்தான். காமிக்ஸ் அதற்கு ஒன்றரை ஆண்டுகளுக்கு முன்பே நின்றிருந்தது.

ஐந்து இதழ்களும் ஒரே தொகுப்பாக வெளிவந்துள்ளன. படிக்க நினைப்பவர்கள் ‘வார் ஆஃப் த ரெல்ம்ஸ்’ கதையின் ஆறு இதழ்களையும் முதலில் முடித்துவிடுங்கள். இல்லையென்றால் அரியணை அவனிடம் எப்படி வந்தது என்பதே பிடிபடாது.