பிள்ளை வளர்ப்புக்காக விட்ட டீச்சர் வேலை, இங்கிலாந்தில் மறுபடி கிடைக்குமா?

தங்கைக்கு வணக்கம். தஞ்சாவூரில் ஆறு வருடம் கணக்கு டீச்சராக இருந்துவிட்டு, பிள்ளை பிறந்ததும் வேலையை விட்டிருக்கிறீர்கள். இப்போது இங்கிலாந்தில் ரெடிங் நகருக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. "நாலு வருஷ இடைவெளி, இனி யார் என்னை வகுப்பில் நிற்க விடுவார்கள்?" என்று கேட்டிருந்தீர்கள். நிச்சயம் விடுவார்கள். நானும் மதுரையில் கணக்கு எடுத்தவள்தான். லெஸ்டர் வந்து ஐந்து வருடம் சாக்பீஸைத் தொடாமல் இருந்தவள்.

2023 பிப்ரவரியிலிருந்து நம் நாட்டு ஆசிரியர்களும் இங்கே கியூ.டி.எஸ். என்ற, இங்கிலாந்துப் பள்ளிகளுக்கான ஆசிரியர் தகுதிக்கு நேரடியாக விண்ணப்பிக்கலாம். 11 முதல் 16 வயதுப் பிள்ளைகளுக்குக் கணக்கு, அறிவியல், மொழிப்பாடம் எடுப்பவர்களுக்கான வழி அது. டிகிரி, பி.எட்., அதற்குப் பிறகு ஒரு வருட அனுபவமாவது வேண்டும். உங்களிடம் எல்லாம் இருக்கிறது. விண்ணப்பிக்கக் கட்டணம் கிடையாது. யாராவது பணம் கேட்டால் கொடுத்துவிடாதீர்கள்.

அப்புறம் அந்த இடைவெளி. நேர்காணலில் கட்டாயம் கேட்பார்கள், ஆனால் குறை சொல்வதற்காக இல்லை. பிள்ளைகளின் பாதுகாப்புக்காக, வேலை பார்க்காத காலத்தில் என்ன செய்தீர்கள் என்று எல்லோரிடமும் கேட்க வேண்டும் என்பது இங்குள்ள நடைமுறை. "குழந்தையைப் பார்த்துக்கொண்டேன்" என்று மாதம், வருடத்தோடு எழுதுங்கள். அது போதும். ஊரிலிருந்து போலீஸ் சான்றிதழும் கேட்பார்கள், இப்போதே ஏற்பாடு செய்துவிடுங்கள்.

என் பேச்சைக் கேட்டால், முதலில் ஒரு டெர்மாவது டீச்சிங் அசிஸ்டன்ட்டாகப் போங்கள். சம்பளம் குறைவுதான். "எம்.எஸ்ஸி. படித்துவிட்டு உதவியாளர் வேலையா?" என்று வீட்டில் கேட்பார்கள், என் வீட்டிலும் கேட்டார்கள். ஆனால் கடைசி வரிசையில் உட்கார்ந்து நான் பார்த்ததை எந்தப் பயிற்சியிலும் கற்றிருக்க முடியாது.

ஒரு நாள் எட்டாம் வகுப்பில் −3 − 5 எவ்வளவு என்று டீச்சர் கேட்டார். பிள்ளைகள் ஆளுக்கொரு சின்ன வெள்ளைப் பலகையில் எழுதி ஒரே நேரத்தில் தூக்கிக் காட்டினார்கள். பாதிப் பலகைகளில் 8. மைனஸும் மைனஸும் சேர்ந்தால் பிளஸ் என்று, நம் ஊர்ப் பிள்ளைகள் ஒப்பிப்பதையேதான் இவர்களும் பிடித்து வைத்திருந்தார்கள். மதுரையில் முதல் பெஞ்சிலிருந்து "மைனஸ் எட்டு, டீச்சர்" என்று குரல் வந்ததும் நான் அடுத்த கணக்குக்குப் போயிருப்பேன். அந்த டீச்சர் போகவில்லை. வெப்பநிலைக் கோடு ஒன்று வரைந்து, மைனஸ் மூன்றிலிருந்து இன்னும் ஐந்து டிகிரி குளிர்ந்தால் எங்கே நிற்போம் என்று கேட்டார். பலகைகள் ஒவ்வொன்றாக மாறின. ஊரில் எட்டு வருடமாக எத்தனை பிள்ளைகள் பின் பெஞ்சில் அந்த 8-ஐ எழுதி வைத்திருந்தார்களோ என்று அன்று இரவெல்லாம் தூக்கம் வரவில்லை.

ஒரு தவறும் செய்தேன். ஒரு பையனின் விடை தப்பானதும், பழக்க தோஷத்தில் அவனை எழுந்து நிற்கச் சொல்லிவிட்டேன். முகம் சிவந்து, அந்த வாரம் முழுக்க அவன் என்னிடம் பேசவில்லை. நீங்கள் அதைச் செய்யாதீர்கள்.

ஆசிரியர் வேலைக்குக் கூப்பிடும்போது ஒரு பாடம் நடத்திக் காட்டச் சொல்வார்கள். தலைப்பை முன்கூட்டியே தந்துவிடுவார்கள். வந்ததும் எனக்கு எழுதுங்கள். ஞாயிறு மதியம் வீடியோவில் நீங்கள் நடத்துங்கள், நான் எட்டாம் வகுப்புப் பிள்ளையாக உட்கார்ந்து கேட்கிறேன்.