பிறக்கப்போகும் குழந்தையின் சருமத்துக்கும் வீட்டு மருந்துப் பெட்டிக்கும் என்னென்ன வாங்கி வைக்க வேண்டும்?

மார்த்தாண்டத்தில் இருக்கீங்க, அடுத்த மாசம் முதல் பிரசவம், இணையத்தில் பார்த்த பட்டியலில் 40 பொருள் இருக்கு, எதை வாங்க, எதை விட என்று கேட்டிருக்கீங்க. நான் தக்கலைப் பக்கம். ரெண்டு பிள்ளைகள். மூத்தவனுக்கு அப்படி ஒரு பட்டியலை அப்படியே வாங்கி அடுக்கினேன். பாதி, சீல்கூட உடைக்காமல் காலாவதியாகிப் போச்சு. இளையவளுக்கு வாங்கியது மொத்தமே ஒன்பது. அந்த அனுபவத்தில் சொல்றேன்.

அரசு ஆஸ்பத்திரியில் பிரசவம் என்றால் கடைக்குப் போகும் முன் ஒன்று விசாரிங்க. 2015-ல் தொடங்கின குழந்தைகள் நலப் பரிசுப் பெட்டகத்தில் துண்டு, கொசுவலை, எண்ணெய், சோப்பு, ஷாம்பூ, நகவெட்டி என்று 16 பொருட்கள் உண்டு. அது கிடைத்தால் பாதிப் பட்டியல் அங்கேயே முடிஞ்சுது.

முதலில் தோல். பிறந்த உடனே குளிப்பாட்ட அவசரப்பட வேண்டாம். ஒரு நாளாவது பொறுக்கச் சொல்லுது உலக சுகாதார நிறுவனம். மேலே வெள்ளையாக மாவு போல ஒட்டியிருப்பது அழுக்கு இல்லை, அதுவே பிள்ளைக்கு ஒரு பூச்சு. சோப்பு விஷயத்தில் ஒரே ஒரு எழுத்தைப் பாருங்க: பி.எச். (புளிப்பா காரமா என்று காட்டும் அளவு) 5.5. சாதாரண சோப்புக் கட்டி 9, 10 வரை போகும், பிள்ளையின் தோலை உலர்த்திவிடும். வாசனை கம்மியான, 5.5 என்று போட்ட ஒன்று போதும். அதுவும் வாரத்தில் ரெண்டு மூணு நாள்தான். மீதி நாள் வெதுவெதுப்பான வெறும் தண்ணீர். லோஷன், பேபி க்ரீம், கலோன், தலைக்குத் தனி எண்ணெய் எதுவும் முதல் மாசத்தில் தேவைப்படவே இல்லை.

எண்ணெய் நம்ம ஊர் சமாசாரம். அம்மா உருளியில் தேங்காய்ப்பாலை ஊற்றி, சின்னத் தீயில் ரெண்டு மணி நேரம் கிண்டிக்கிட்டே நிற்பாங்க. பால் திரிஞ்சு, கசடு முதலில் வெள்ளையாக, அப்புறம் தவிட்டு நிறமாக, கடைசியில் செம்மண் நிறத்துக்கு வரும். அந்த நேரம் "சடசட" சத்தம் அடங்கும். அடங்கின நிமிஷம் இறக்கணும், ஒரு நிமிஷம் தாண்டினாலும் காறல் வாடை வந்துடும். இந்த உருக்கு எண்ணெயைத்தான் ரெண்டு பேருக்கும் தேய்ச்சோம். எங்க குழந்தை டாக்டரும் தேங்காய் எண்ணெய் நல்லதுதான், கடுகு எண்ணெய் மட்டும் வேண்டாம் என்றார். குளிக்கிறதுக்குக் கால் மணி நேரம் முன்னால் தேய்ச்சு, பிறகு கழுவிடணும். தேய்ச்சபடியே விட்டால் நம்ம ஊர் புழுக்கத்துக்கு வேர்க்குரு பொங்கிடும். மூக்கிலும் காதிலும் சொட்டு விடவே கூடாது. மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குப் போனால் ஒரு வகை நிமோனியாவே வரும்.

பவுடர் வாங்காதீங்க. எங்க மாமி பஞ்சில் தட்டும்போது ஜன்னல் வெயிலில் அந்தத் தூசி பிள்ளை முகத்துக்கு நேரே மிதந்ததை நானே பார்த்தேன். அதைத்தானே அது மூச்சில் இழுக்குது! கழுத்து மடிப்பில் பால் வழிஞ்சு புளிச்ச வாடை வருதேன்னுதான் மாமி தட்டினாங்க. அதுக்கு ஈரத்துணியால் துடைச்சு, உலர்ந்த துணியால் ஒற்றினால் போதும். டயப்பர் பகுதி சிவந்தால் சிங்க் ஆக்ஸைடு க்ரீம் ஒரு ட்யூப் இருக்கட்டும். ரெண்டு மூணு நாளில் அடங்காமல் மடிப்புக்குள் சின்னச் சின்னப் புள்ளியாகப் பரவினால் பூஞ்சையாக இருக்கலாம், டாக்டரிடம் காட்டுங்க. நமக்கு ஜூனில் ஒரு மழை, ஐப்பசியில் ஒரு மழை. துணி காயவே காயாது. பாதி ஈரத்தில் மடிச்சு வைக்காமல் இஸ்திரி போட்டு வைங்க.

துணி என்றதும் ஒன்று. பழைய சேலை, அண்ணன் பிள்ளையின் உடுப்பு எல்லாம் பீரோவில் பாச்சை உருண்டை போட்டு வெச்சிருப்பாங்க. அதை எடுத்து நேரே பிள்ளைக்குப் போடாதீங்க. ஜி6பிடி என்ற என்சைம் குறைவாகப் பிறக்கும் பிள்ளைகளுக்கு அந்த உருண்டையில் இருக்கும் நாப்தலீன் வாசம் பட்டாலே ரத்த அணுக்கள் உடைஞ்சு மஞ்சள் காமாலை ஏறலாம். பிள்ளைக்கு அந்தக் குறை இருக்கா என்று பார்த்தால் தெரியாது. அதனால் அந்தத் துணியை எடுக்காமல் இருப்பதே நல்லது. தொட்டில் சேலையும் புதுசாகத் துவைச்சதாக இருக்கட்டும்.

தொப்புளுக்கு எதுவும் வாங்க வேண்டாம். மஞ்சள், விபூதி, எண்ணெய், பவுடர் ஒன்றும் தொடாமல் காய விட்டால் தானாக விழும். சுற்றிச் சிவந்தாலோ சீழ் வாடை வந்தாலோ ஆஸ்பத்திரி.

இனி மருந்துப் பெட்டி. முதல் பொருள் டிஜிட்டல் தெர்மாமீட்டர், இதில் சிக்கனம் வேண்டாம். மூணு மாசம் முடியாத பிள்ளைக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் தொட்டால் நாமாகக் கொடுக்கிற மருந்து எதுவும் கிடையாது, அந்த ராத்திரியே ஆஸ்பத்திரி (தடுப்பூசிக் காய்ச்சலுக்கு டாக்டர் முன்பே எழுதித் தந்தது மட்டும் வேறு). நெற்றியில் கை வெச்சுப் பார்க்கிற கணக்கு இந்த வயசுக்குச் சரிவராது. அடுத்து வைட்டமின் டி சொட்டு, நாளைக்கு 400 யூனிட். மி.லி.க்கு எத்தனை யூனிட் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அதனால் லேபிளைப் பார்த்தே அளவு எடுங்க. மூக்கடைப்புக்கு உப்புநீர் சொட்டு. பிறகு உதவும் என்று ரெண்டு பொட்டலம் ஓ.ஆர்.எஸ்., அதாவது வயிற்றுப்போக்குக்குக் கரைச்சுக் கொடுக்கிற உப்பு சர்க்கரைப் பவுடர். ஒரு பொட்டலத்துக்கு எத்தனை தண்ணீர் என்று அதிலேயே போட்டிருக்கும். பெரிய பொட்டலத்துக்கு ஒரு லிட்டர், குறைக்கவும் கூடாது, கூட்டவும் கூடாது. ஜூஸ் டப்பாவில் வருவது அது இல்லை. அவ்வளவுதான், பாராசிட்டமால் தவிர.

பாராசிட்டமாலில்தான் நாங்க தப்பிச்சோம். இளையவளுக்கு ஒன்றரை மாசத் தடுப்பூசி போட்ட நாள், எடை 4.5 கிலோ. காய்ச்சல் வந்தால் கொடுக்க டாக்டர் சொட்டு மருந்து 0.6 மி.லி. என்று சீட்டில் எழுதியிருந்தார். ராத்திரி ரெண்டு மணி. பிள்ளைங்க அப்பா பாதித் தூக்கத்தில், மூத்தவனுக்குக் கொடுக்கிற ஞாபகத்தில் "நாலு மி.லி. தானே?" என்று கேட்டுக்கிட்டே சொட்டுக்குழாயில் நிரப்பிட்டாங்க. மூத்தவனின் சிரப்பு 5 மி.லி.யில் 250 மி.கி., அதாவது மி.லி.க்கு 50. சொட்டு மருந்து மி.லி.க்கு 100. சின்ன பாட்டில், சின்னக் குழாய், ஆனால் வீரியம் இரட்டிப்பு. குழாய் வாய்ப்பக்கம் போன நேரம் கையைத் தட்டிவிட்டேன். பாயெல்லாம் ஆரஞ்சு வாடை. மறுநாள் காலையில் பாட்டிலைச் சுற்றி வெள்ளை பிளாஸ்டர் ஒட்டி, பிள்ளையின் பெயர், எடை, மி.லி., எழுதின தேதி நாலையும் மார்க்கரில் எழுதினேன். எடை ஏறினால் அளவும் மாறும், அதனால் ஒவ்வொரு தடவையும் டாக்டரிடம் கேட்டு எழுதுங்க. சமையல் ஸ்பூனில் அளக்காதீங்க.

பெட்டிக்குள் வரவே கூடாதவை: கற்பூரம் கலந்த தைலம், விக்ஸ் மாதிரியானது (ரெண்டு வயசுக்குள் கூடாது, கற்பூரம் வலிப்பு வரை கொண்டு போகும்), சளி இருமல் சிரப்பு, தேன், கிரைப் வாட்டர். குளோர்ஃபெனிரமின், ஃபினைலெஃப்ரின் சேர்ந்த சளி மருந்து நாலு வயசுக்குக் கீழே வேண்டாம் என்று 2023 டிசம்பரில் அரசே லேபிளில் போடச் சொன்னது. 2025-ல் மத்தியப் பிரதேசத்தில் கலப்பட இருமல் மருந்தால் குழந்தைகள் இறந்ததும் நமக்குத் தெரியும்.

வசம்பு, ஜாதிக்காய் என்று உரைமருந்து கொண்டுவரும் பாட்டிமாரிடம் சண்டை போட வேண்டாம். ஆறு மாசம் தாய்ப்பாலும் டாக்டர் தந்த மருந்தும் தவிர ஒரு துளி கிடையாது என்று டாக்டர் எழுதின சீட்டைக் காட்டுங்க, எங்க வீட்டில் அது வேலை செஞ்சுது. வசம்பு வளையல் மட்டும் கையில் கட்டினாங்க, பிள்ளை சப்ப ஆரம்பிச்சதும் கழற்றிட்டேன். தொக்கம் எடுக்க (உள்ளே சிக்கினதை எடுப்பதாகச் சொல்வாங்க), குடல் தட்ட என்று யாராவது கூட்டிக்கிட்டுப் போகச் சொன்னால் மட்டும் "முடியாது அத்தை" என்று நேரே சொல்லிடுங்க.

உருக்கு எண்ணெய்க்கு எங்க வீட்டில் எட்டு முற்றின தேங்காய்க்கு அரை லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் கிடைச்சுது. அம்மாவிடம் இப்பவே சொல்லி வைங்க, பிரசவம் முடிஞ்ச பிறகு உருளிக்கு முன் நிற்க யாருக்கும் நேரம் இருக்காது.