வாசகர் கேள்வி பதில்: ரேடியோவில் வராத ராப்

கேள்வி: டூபாக், பப்ளிக் எனிமி எல்லாம் கேட்டாயிற்று. அரசியல் பேசுகிற, ஆனால் அதிகம் வெளியே தெரியாத அமெரிக்க ராப் பாடகர்களை எப்படித் தேடுவது? யூடியூப் சுற்றிச் சுற்றி அதே பாட்டுகளைத்தான் காட்டுகிறது.
– கல்லூரி மாணவர், திருச்சி

பதில்: யூடியூப் அப்படித்தான் காட்டும், ஏற்கெனவே லட்சக்கணக்கான பேர் கேட்டது எதுவோ அதுதான் முதலில் வரும். நீங்கள் தேடுகிற ஆட்களில் பலர் பெரிய கம்பெனிகளுக்கு வெளியே இருந்தவர்கள். அதனால் ஒரே ஒரு ஆல்பத்தைப் பிடித்துக்கொண்டு அதில் இருக்கிற ஆட்களின் பின்னாலேயே போங்கள். கூட வந்து பாடியவர் யார், பீட் (பின்னணித் தாளம்) யாருடையது, எந்த லேபிள் (ஆல்பத்தை வெளியிடும் கம்பெனி), எந்த ஊர், முக்கியமாக நடுவில் பேசுகிற குரல் யாருடையது?

டெட் ப்ரெஸ் என்ற இருவர் 2000இல் வெளியிட்ட 'லெட்ஸ் கெட் ஃப்ரீ'யில் ஆரம்பிக்கலாம். ஆல்பத்தின் தொடக்கத்தில் ராப்பே கிடையாது, ஒருவர் பேசுகிறார். பனிப்பிரதேசத்தில் ஓநாயைப் பிடிக்க ரத்தம் தடவிய கத்தியை நட்டு வைப்பார்களாம், அது நக்க நக்க நாக்கு அறுபட்டு, தன் ரத்தத்தையே குடிப்பது தெரியாமல் செத்துப்போகும் என்று சொல்லிவிட்டு, கறுப்பர் குடியிருப்புகளுக்குள் போதைப்பொருள் வந்ததை அதோடு கொண்டுபோய் நிறுத்துகிறார். பேசுகிறவர் ஒமாலி யெஷிடெலா, அங்கே பல பத்தாண்டுகளாகக் கறுப்பர் விடுதலை அரசியலில் இருப்பவர். அவர் பெயரைத் தேடினாலே பாட்டைத் தாண்டி ஒரு பெரிய வரலாறு திறந்துகொள்ளும்.

அதே மாதிரி இம்மார்ட்டல் டெக்னிக். பெருவின் லிமாவில் பிறந்து நியூயார்க்கின் ஹார்லெமில் வளர்ந்தவர், சிறைக்குப் போய் வந்தவர். 2001இல் முதல் ஆல்பத்தை எந்தக் கம்பெனியும் இல்லாமல் தானே போட்டு, தெருவில் நின்று கையோடு விற்றார். 2003இல் வந்த இரண்டாவது ஆல்பத்தில், அப்போது பென்சில்வேனியாவில் மரண தண்டனைக் கைதியாக இருந்த பத்திரிகையாளர் முமியா அபு-ஜமாலின் குரல் கேட்கும்.

அப்புறம் கலிஃபோர்னியாவின் ஓக்லண்டுக்கு வாருங்கள். எனக்கு இந்த வரிசையில் ரொம்பப் பிடித்தவர்கள் 'தி கூ' குழுவினர்தான், அதாவது பூட்ஸ் ரைலியும் டிஜே பேம் தி ஃபங்க்ஸ்ட்ரெஸ்ஸும். 2001இல் இவர்களுடைய 'பார்ட்டி மியூசிக்' ஆல்பத்துக்காக ஜூன் மாதமே தயாரான அட்டைப்படத்தில் உலக வர்த்தக மையக் கட்டடங்கள் வெடித்துக்கொண்டிருந்தன. செப்டம்பர் 11க்குப் பிறகு அதை எடுத்துவிட்டு நவம்பரில் வேறு அட்டையோடு வெளியிட்டார்கள். எல்லாரும் இந்த அட்டையைப் பற்றியே பேசுகிறார்கள், எனக்கு அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. 1998 ஆல்பமான 'ஸ்டீல் திஸ் ஆல்ப'த்தில் ஏழு நிமிட அளவில் ஒரு கதைப்பாட்டு இருக்கிறது. ஒரு பெண்ணைப் பாலியல் தொழிலில் வைத்திருந்து, கடைசியில் அவளைக் கொன்றும் போட்டவன் சிறையிலிருந்து வெளியே வரும்போது, அவனைக் காரில் ஏற்றிப் போகிற அந்தப் பெண்ணின் மகன் சொல்கிற கதை அது. கோஷம் எதுவும் இல்லாமல் இவ்வளவு அரசியல் பேச முடியுமா என்று ஆச்சரியமாக இருக்கும். ஒரு நாவலே அதிலிருந்து பிறந்தது. இந்தக் குழுவை அந்தப் பாட்டிலிருந்து கேட்க ஆரம்பியுங்கள்.

பாட்டு விற்கிற பேண்ட்கேம்ப் தளத்தையும் விடாதீர்கள். அங்கே ஒரு ஆல்பத்தை வாங்கியவர்களின் சின்னப் படங்கள் பக்கத்திலேயே இருக்கும், ஒன்றைத் தொட்டால் அவர் இதுவரை வாங்கியதெல்லாம் வரும். உங்கள் ரசனைக்காரர் ஒருவர் கிடைத்துவிட்டால் போதும், மாதக்கணக்கில் கேட்க விஷயம் இருக்கும். பிடித்ததைக் காசு கொடுத்தே வாங்குங்கள், இவர்களுக்கு அந்தக் காசு உண்மையிலேயே தேவை.

கேள்வி: ஆங்கிலம் ஓரளவு தெரியும், ஆனால் ராப் வேகத்தில் ஒன்றும் பிடிபடுவதில்லை. வரியைப் படித்துக்கொண்டே கேட்பது சரியா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: தாராளமாகப் படிக்கலாம். ஜீனியஸ் தளத்தில் வரிக்கு வரி விளக்கம் இருக்கும், பெரும்பாலும் ரசிகர்கள் எழுதுவது என்பதால் எல்லாவற்றையும் அப்படியே நம்ப வேண்டாம். ஆனால் முதல் முறை படிக்காமலே கேளுங்கள், குரலின் கோபமும் களைப்பும் அப்போதுதான் காதில் விழும். மின்னியாபோலிஸ்காரர் பிரதர் அலியின் உச்சரிப்பு தெளிவாக இருக்கும், காதைப் பழக்க அவர் பாட்டுகள் நல்லவை.

கேள்வி: சமத்துவம் பேசுகிற இந்தப் பாட்டுகளிலேயே பெண்களை மட்டமாகப் பேசுகிறார்களே, எப்படிக் கேட்பது?
– வாசகி, மதுரை

பதில்: நீங்கள் சொல்வது நிஜம், அரசியல் பாட்டு என்பதற்காக அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. போலீஸைப் பற்றி நியாயமாகக் கோபப்படுகிற ஒருவர் அடுத்த பாட்டிலேயே பெண்ணைப் பொருளாக்கினால் அது அவருடைய அரசியலில் இருக்கிற ஓட்டைதான்.

பெண்கள் எழுதியதைத் தேடிக் கேளுங்கள். ராப்சடியின் 'ஈவ்' (2019) ஆல்பத்தில் பாட்டுகளுக்கெல்லாம் பெண்களின் பெயர்கள். அதில் 'மிர்லி' என்பது 1963இல் மிசிசிப்பியில் சொந்த வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்ட கறுப்பர் உரிமைப் போராளி மெட்கர் எவர்ஸின் மனைவி. பெயரைத் தெரிந்துகொண்டு கேட்டால் பாட்டின் கனமே வேறு. சிகாகோவின் நோநேம் 2016இல் 'டெலிஃபோன்' ஆல்பத்தை லேபிள் இல்லாமல் இலவசமாகவே வெளியிட்டார், 2019இல் ஒரு வாசிப்பு வட்டம் தொடங்கினார், அது சிறையில் இருப்பவர்களுக்கும் புத்தகம் அனுப்புகிறது. இவர்களுக்கு முன்னால் ஃபிலடெல்ஃபியாவின் பஹமாடியா 1996இலேயே 'கொலாஜ்' என்று ஒரு ஆல்பம் போட்டிருக்கிறார், குரலை உயர்த்தாமலே பாடுவார். மூன்றில் எதை முதலில் என்றால் 'ஈவ்'.