சைக்கிள் பயணத்தில் கூட வருபவருக்கு முடியாமல் போனால், நாம் மட்டும் தொடர்ந்து ஓட்டலாமா?

கூடாது. அவர் நின்றால் நீங்களும் நிற்க வேண்டும். அவர் வண்டியில் ஏறினால் நீங்களும் ஏற வேண்டும்.

தோழிக்கு உங்கள் அளவுக்குப் பழக்கமில்லை, மதுரையிலிருந்து கன்னியாகுமரி போகும் வழியில் அவள் தளர்ந்துவிட்டால் பேருந்தில் ஏற்றிவிட்டு நீங்கள் மட்டும் ஓட்டி முடிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதே சாலையில் என் மதினியோடு போனவள் நான். அன்றைக்கு நான் எடுத்த முடிவைப் பற்றி இன்றுவரை பேச்சு வாங்கிக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

மதினி பிறந்தது புதுக்கோட்டைப் பக்கம். 1991-இல் ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் அந்த மாவட்டத்துப் பெண்களைச் சைக்கிளில் ஏற்றியதே, அப்போது பள்ளிக்கூடச் சிறுமியாக ஓட்டக் கற்றவர். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் அப்பாவுடைய பெரிய சைக்கிளில் குரங்குப் பெடல் அடித்துப் பழகியவர். இன்றைக்கும் கியர் இல்லாத சைக்கிள்தான். சமதளத்தில் என் கியர் சைக்கிளுக்குக் கொஞ்சமும் பின்வாங்க மாட்டார். ஆக, பழக்கமில்லாதவர்தான் வழியில் விழுவார் என்று நினைக்காதீர்கள்.

மதினி சத்துணவுக் கூடத்தில் வேலை பார்க்கிறார். பள்ளி விடுமுறையில்தான் அவரால் வர முடியும். கத்திரி முடிந்த கையோடு, மே கடைசியில் கிளம்பினோம். "அந்த மாதத்தில் யாராவது தெற்கே போவார்களா" என்று கேட்பவர்கள், வருடத்தில் வேறு எந்த மாதம் அவருக்கு ஒரு வாரம் சேர்ந்தாற்போல் லீவு கிடைக்கும் என்றும் சொல்லிவிட்டால் நல்லது.

கோவில்பட்டி, கயத்தாறு எல்லாம் சுகமாகவே கடந்தோம். கோவில்பட்டியில் வாங்கிய கடலை மிட்டாய் பையில் இருந்தது. சிரமம் திருநெல்வேலிக்குப் பிறகுதான். அங்கிருந்து நாகர்கோவில் சுமார் 80 கிலோமீட்டர். மதினியின் மகள் வீடு அங்கே இருந்ததால் காவல்கிணறு, முப்பந்தல், ஆரல்வாய்மொழி வழியாக நாகர்கோவில் போய்த் தங்கி, மறுநாள் கன்னியாகுமரி என்று திட்டம்.

நாங்குநேரி தாண்டும்போதே மதினியின் தண்ணீர் பாட்டில் குறையாமல் இருப்பதைக் கவனித்தேன். கேட்டால், "குடிச்சா எங்க போறது?" என்றார். நியாயமான கேள்வி. வழியில் ஒரு பெட்ரோல் பங்கில் கழிப்பறை பூட்டியிருந்தது. சாவி மேனேஜரிடம் இருக்கிறதாம், மேனேஜர் வீட்டில் இருக்கிறாராம். அடுத்த பங்கில் கதவே இல்லை. பெட்ரோல் போட்டாலும் போடாவிட்டாலும் பங்கில் கழிப்பறை இலவசமாகத் தர வேண்டும் என்பது விதி. நான்கு வழிச்சாலை போட்டு, சுங்கச்சாவடி கட்டி, நடுவில் அரளிச்செடி வைத்துத் தண்ணீரும் ஊற்றுகிறார்கள். ஒரு பெண் ஒதுங்க இடமில்லை. காரில் போகிற குடும்பம் நல்ல ஓட்டலாகப் பார்த்து நிறுத்திக்கொள்ளும். சைக்கிளில் போகிறவளுக்கு அடுத்த ஓட்டல் ஒரு மணி நேரத் தூரம். ஆண்கள் எழுதும் பயணக் குறிப்புகளில் டயர் அளவு, செயின் எண்ணெய் எல்லாம் வருகிறது. இது மட்டும் வருவதில்லை.

வள்ளியூர் தாண்டியதும் காற்று பிடித்துக்கொண்டது. மேற்குத் தொடர்ச்சி மலை முடிகிற இடத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாய் இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று அதற்குள் நெருக்கிக்கொண்டு வந்து கிழக்கே பாய்கிறது. காற்றாலைகளை அங்கே நட்டிருப்பதே அதனால்தான். நாம் தெற்கே போகும்போது காற்று வலப்பக்கத்திலிருந்து அறைகிறது. விழாமலிருக்க வலப்பக்கம் சாய்ந்துதான் ஓட்ட வேண்டும். அதே வலப்பக்கம் ஒரு லாரி முந்தினால் காற்று சட்டென்று நின்றுபோகும், நம் சாய்வு நம்மை லாரிப் பக்கமே இழுக்கும். லாரி போன மறுநொடி காற்று திரும்ப அடித்துச் சாலை ஓரத்துக்குத் தள்ளும். ஒருவர் பின்னால் ஒருவர் போனால் காற்று மறையுமே என்பீர்கள். எதிர்க்காற்றுக்கு அது சரி. பக்கக்காற்றுக்கு மறைவு வேண்டுமென்றால் ஏறக்குறைய பக்கவாட்டில்தான் போக வேண்டும், லாரி ஓடும் சாலையில் அது நடக்காது.

பணகுடிக்குச் சற்று முன்னால் மதினி சைக்கிளை நிறுத்தி இறங்கினார். கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. தலை வலி, குமட்டல், முகமெல்லாம் உப்புப் பூத்திருந்தது. "நீ போ, நான் உருட்டிக்கிட்டே வந்துர்றேன்" என்றார். அந்த வார்த்தையை நம்பி யாரும் போய்விடாதீர்கள். அந்த நிலையில் இருப்பவர் எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள்.

சாலையோரம் ஒரு டீக்கடை. கடைக்கார ஆச்சி, "எங்கருந்து வாறிய ரெண்டு பேரும்?" என்று கேட்டுக்கொண்டே பெஞ்சைக் காலி பண்ணிக் கொடுத்தார். மதினி தண்ணீரைத் தொட மறுத்தார். காரணத்தை ஆச்சியின் காதில் சொன்னேன். "இதுக்கா?" என்று கையைப் பிடித்துக் கடைக்குப் பின்னால் இருந்த தன் வீட்டுக்கே கூட்டிப்போனார். அதற்குப் பிறகுதான் மதினி உப்பு-சர்க்கரைக் கரைசல் குடித்தார். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, ஸ்பூனைத் தலைதட்டி அளக்க வேண்டும். வாந்தி வரும்போல் இருந்தால் மடக்கு மடக்காக. நான் மருத்துவர் இல்லை. இரத்த அழுத்தமோ சர்க்கரையோ இருப்பவர்கள் தங்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். பேச்சு குழறினாலோ நினைவு தடுமாறினாலோ கரைசல் கலக்கிக்கொண்டு உட்காராமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

மதினி தெளிந்ததும் கிளம்பலாம் என்றார். நான் முடியாது என்றேன். காவல்கிணற்றில் பிரிந்து முப்பந்தல் பக்கம் திரும்பினால் காற்று நேரே முகத்தில். நம்மேல் மோதும் காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் தடுப்பு நான்கு மடங்காகும், அதுவும் கியர் இல்லாத சைக்கிளில். நாகர்கோவில் சந்தைக்கு வாழைத்தார் ஏற்றிப்போன ஒரு குட்டியானை லோடு வண்டியை ஆச்சியே கைகாட்டி நிறுத்தினார். மதினி அழுதார். "புதுக்கோட்டைக்காரி வண்டியில ஏத்திக்கிட்டு வந்தாளாம்னு பேசுவாங்க" என்றார். "ரெண்டு பேரும்தான் ஏறுறோம், பேசுறவங்க என்னையும் சேர்த்துப் பேசட்டும்" என்று முதலில் என் சைக்கிளைத் தூக்கி வைத்தேன். நாகர்கோவில் வரை என்னோடு அவர் பேசவில்லை. மறுநாள் சுசீந்திரம் வழியாகக் கன்னியாகுமரிக்கு ஓட்டினோம். காற்று இந்த முறை முதுகுப்பக்கம். மதினி எனக்கு முன்னால் போனார்.

"அப்படியானால் நீங்கள் முழுத் தூரமும் ஓட்டவில்லை" என்று சைக்கிள் குழு நண்பர்கள் சொல்கிறார்கள். ஆமாம், ஓட்டவில்லை. ஓட்டியதாக எங்கும் சொல்லிக்கொண்டதும் இல்லை. என் கால்களில் அன்றைக்கு வலு இருந்தது, தனியாக ஆரல்வாய்மொழியைத் தாண்டியிருப்பேன். ஆனால் அப்போது மதினி தோற்றுப்போனவராகத் தன் மகள் வீட்டுக்குள் நுழைந்திருப்பார். சேர்ந்து கிளம்பியது அதற்காக இல்லை.

உங்கள் தோழியிடம் கிளம்பும் முன்பே இரண்டு விஷயம் பேசிவிடுங்கள். ஏறினால் இருவரும் ஏறுவோம் என்பது ஒன்று. தண்ணீரைக் குறைக்கிறாளா என்று கூச்சமில்லாமல் கேட்பேன், மறைக்கக் கூடாது என்பது இன்னொன்று. சைக்கிளைக் கட்ட ஒரு நைலான் கயிறு எடுத்துக்கொள்ளுங்கள், லோடு வண்டிகளில் எப்போதும் இருக்காது. மே முதல் செப்டம்பருக்குள் போவதாக இருந்தால் திருநெல்வேலியில் விடியும் முன்பே கிளம்பி எட்டு மணிக்குள் வள்ளியூரைத் தாண்டப் பாருங்கள். வெயில் ஏற ஏறக் காற்றும் ஏறும்.