வீட்டிலேயே பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும் பெற்றோருக்குக் குறைந்தபட்சத் தகுதி என்று ஒன்று வேண்டுமா?

வேண்டும் என்றுதான் சொல்வேன், நானே வீட்டில் பாடம் நடத்துகிறவள் என்றாலும். ஆனால் அம்மா அப்பாவின் பட்டத்தைப் பார்த்துப் பயனில்லை. நான் பி.இ. படித்தவள்; என் கதையைக் கேளுங்கள்.

அப்போது மகளுக்கு ஒன்பது வயது. தடித்தடிக் கதைப் புத்தகங்களை ஒரே மூச்சில் முடிப்பாள், கணக்கை மனத்திலேயே போட்டுச் சொல்வாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆசிரியையாக இருக்கும் என் நாத்தனார் விடுமுறைக்கு வந்தவர், "இப்ப படிச்ச கதையை அரைப் பக்கம் எழுதிக் காட்டு கண்ணு" என்றார். நாலு வரிக்கு மேல் ஓடவில்லை. ரகரமும் றகரமும் இடம் மாறிக் கிடந்தன. வாயால் சொன்னால் போதும் என்று எழுத்தை நான் கண்டுகொள்ளவே இல்லை. பாடம் நடத்துவதும் நான், திருத்துவதும் நான். அப்புறம் குறை எங்கே தெரியும்?

நம் நாட்டில் இதைக் கேட்க ஆளில்லை. 2009 கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது; சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை எதுவும் அதில் இல்லை. 14 வயதானதும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பத்தாம் வகுப்பு எழுதலாம். அதுவரை நாமாகப் போய்க் காட்டினால்தான் உண்டு.

சிங்கப்பூரில் அப்படி விடமாட்டார்கள். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமலிருக்கக் கல்வி அமைச்சிடம் விலக்கு வாங்க வேண்டும். தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில், பள்ளிப் பிள்ளைகளில் கடைசி மூன்றில் ஒரு பங்குக்கு மேலே வந்தாக வேண்டும். தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் தமிழும் அதில் ஒரு பாடம். நல்லதுதான், ஆனால் தீர்ப்புச் சொல்லும் தேர்வு பன்னிரண்டு வயதில்தான்; குறையை அப்போது கண்டுபிடித்து என்ன செய்வது?

எனக்குப் பிடித்தது அமெரிக்காவின் பென்சில்வேனியா முறை. பெற்றோர் பள்ளிப் படிப்பை முடித்திருந்தால் போதும். வருடத்துக்கு 180 நாள் பாடம். வருடக் கடைசியில் தகுதியுள்ள ஆசிரியர் ஒருவர் பிள்ளையின் நோட்டுகளைப் புரட்டி, பிள்ளையிடமே பேசிப் பார்க்கிறார். அந்த ஆசிரியரைப் பெற்றோரே தேர்ந்தெடுக்கலாம். இங்கே இதைக் கொண்டுவந்தால் பாடநூலும் பிரம்புமாக ஓர் ஆய்வாளர் வந்து நிற்பாரோ என்ற பயம் எனக்கும் உண்டு.

சட்டம் வரும்போது வரட்டும். பக்கத்துத் தெருவில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். ஒவ்வொரு மே மாதமும் மகளையும் நோட்டுகளையும் அவரிடம் அனுப்பிவிடுகிறேன். எழுத்து தேறிவிட்டது. போன மே மாதம் பின்னக் கணக்கில் ஒரு குறையைப் பிடித்துவிட்டார்.