புதுப்பிப்புக்குப் பின் ஹைக்கூ இயங்குதளம் தொடங்கவில்லை, மீட்பது எப்படி?

ஹைக்கூ என்பது பீஓஎஸ் (BeOS) என்ற பழைய இயங்குதளத்தின் வழியில் 2001 முதல் தன்னார்வலர்கள் உருவாக்கிவரும் சிறிய இயங்குதளம். பழைய மடிக்கணினியிலும் விரைவாக ஓடும். புதுப்பிப்பு பழுதாகி அது திறக்காமல் நின்றாலும், பெரும்பாலும் மீண்டும் நிறுவத் தேவையில்லை.

இதற்குக் காரணம் அதன் அமைப்பு. மென்பொருள்கள் பிரித்துக் கொட்டப்படாமல் மூடிய பொதிகளாகவே (ஒரு மென்பொருளின் கோப்புகளை ஒன்றாகக் கட்டிய தொகுப்புகளாக) இருக்கின்றன; எந்தப் பொதிகள் நடப்பில் உள்ளன என்பதை மட்டுமே கணினி குறித்துவைக்கிறது. புதிய பொதி வரும்போது பழையது அழிக்கப்படாமல், தேதியிட்ட தனி அடைவுக்கு நகர்த்தப்படுகிறது. காரைக்குடிப் பக்கத்து வீடுகளில் புதுப் பாத்திரம் வாங்கிய பின்னும் பழையதைச் சாமான் அறையில் எடுத்துவைத்து, புதியது ஒழுகினால் பழையதையே அடுப்பில் ஏற்றுவதைப் போன்றது இது. மிகச் சிறந்த ஏற்பாடு என்பேன். பெரிய இயங்குதளங்கள் பலவற்றிலும் இவ்வளவு எளிமை இல்லை.

கணினி தொடங்கும்போது ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடியுங்கள்; யுஇஎஃப்ஐ (புதிய கணினிகளில் இயங்குதளத்தைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்) உள்ள கணினியானால் இடைவெளி விசையை விடாமல் தட்டுங்கள். தோன்றும் பட்டியலில் தொடக்க வட்டைத் தேர்ந்தெடுக்கும் பகுதிக்குள், முந்தைய நிலைகள் தேதியுடன் வரிசையாக இருக்கும். புதுப்பிப்புக்கு முந்தைய நிலையைத் தேர்ந்து தொடங்குங்கள்.

பழைய நிலைக்குத் திரும்பினால் சொந்தக் கோப்புகளும் அந்தத் தேதிக்குப் போய்விடும் எனப் பலர் அஞ்சுகிறார்கள். அது தவறு, ஏனெனில் மாறுபவை இயங்குதளப் பொதிகள் மட்டுமே, உங்கள் ஆவணங்கள் இருந்தபடியே இருக்கும்.